இரவு முழுக்க ஆழ்கடலில் தூண்டில் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை விட்டுவிடுங்கள்

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு படகைப் பேசி, சாயங்காலம் கிளம்பி, இரவு முழுக்க ஆழ்கடலில் தூண்டில் போட்டுவிட்டுக் காலையில் திரும்பும் பயணத்துக்கு இப்போது நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு ஒரே எரிச்சல். எங்கள் கூட்டம் ஆரம்ப காலத்தில் அடித்த கூத்தையெல்லாம் இவர்களும் ஒன்றுவிடாமல் அடிக்கிறார்கள். தொப்பி எடுத்து வா, தண்ணீர் நிறையக் குடி, வழுக்காத செருப்புப் போடு என்பதையெல்லாம் படகுக்காரரே போனில் சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதையும், சொன்னாலும் யார் காதிலும் ஏறாததையும் மட்டும் எழுதுகிறேன்.

## வாந்தி வந்த பிறகு மாத்திரை போடுவது

குமட்டல் தொடங்கிவிட்டால் வயிறு மந்தமாகிவிடும். அப்போது விழுங்கும் மாத்திரை உடம்பில் சேராமல் அங்கேயே கிடக்கும், அல்லது அடுத்த அலைக்கு வெளியே வந்துவிடும். மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமைன் பட்டை என்றால் குறைந்தது 4 மணி நேரம் முன்பு. ஒரு பட்டை 3 நாள் வரை தாங்கும். ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. டாக்டரைக் கேட்டுத்தான் ஒட்டவேண்டும். எந்த மருந்தானாலும் கரையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். சிலருக்கு அது தரும் தூக்கத்தில் பயணமே போய்விடும்.

இரவில் இன்னொரு சிக்கல் உண்டு. பகலில் தலை சுற்றினால் தொடுவானத்தைப் பார் என்று சொல்லலாம். இருட்டில் தொடுவானத்துக்கு எங்கே போவது? சுற்றி எல்லாம் அசையாமல் இருப்பதாகக் கண் சொல்லும், ஆடுவதாக உள்காது சொல்லும். அந்த நிலையில் ஒருவர் விளக்கைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்து லீடர் (தூண்டில் முள்ளை ஒட்டிக் கட்டும் நரம்புத் துண்டு) கட்ட ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் படகோரத்தில் தலையைத் தொங்கவிடுவார். முடிச்சு வேலையெல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் நாலைந்து லீடர் கட்டிச் சுருட்டி வைத்திருங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம், காற்றுப்படும் இடத்தில் கண்ணை மூடிப் படுப்பதுதான் வழி.

## மீன் ஓடும்போது டிராக்கை இறுக்குவது

டிராக் என்பது தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலின் பிரேக். அதை இறுக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த பயணத்தில் ஒருவர் இதைச் செய்துவிடுகிறார். செய்துவிட்டு நரம்பின் மேல் பழியைப் போடுகிறார்.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். படகு மிதந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவருடைய இரையைப் பெரிய மஞ்சள் துடுப்புச் சூரை எடுத்துவிட்டது. ரீல் வீறிட்டது, நரம்பு பறந்தது. நண்பர் பதறாமல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்; அதுவரை எல்லாம் சரி. மூன்றில் இரண்டு பங்கு நரம்பு போய், சுருளின் அடிப்பகுதி தெரிய ஆரம்பித்ததும் பின்னால் நின்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. "டைட் பண்ணுடா! மொத்தமும் போகுது பார்!" என்று மூன்று பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அவருடைய வலது கட்டைவிரல் டிராக் லிவரின் மேல் போவதை நான் பார்த்தேன். லிவரை ஸ்ட்ரைக் நிலையில், அதாவது முன்கூட்டியே வைத்த இறுக்கத்தில், நிறுத்துவதற்காக ஒரு பொத்தான் இருக்கிறது அல்லவா, அதை அழுத்திக்கொண்டே லிவரை அதற்கும் மேலே தள்ளினார். இரண்டு நொடி ரீல் வாயை மூடியது. அப்புறம் டப்பென்று ஒரு சத்தம், வளைந்திருந்த கம்பு நிமிர்ந்துகொண்டது.

"நரம்பு மட்டம்" என்றார் நண்பர். மிச்சத்தைச் சுருட்டி முனையைத் தலைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். முடிச்சு நழுவியிருந்தால் முனை ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். எதிலாவது உரசியிருந்தால் சொரசொரப்பாகப் பிசிர் விட்டிருக்கும். இது இரண்டும் இல்லை. நல்ல நரம்பு, தாங்க முடியாத இழுவையில் அறுந்திருந்தது.

டிராக் என்பது ரீலுக்குள் இருக்கும் உராய்வுத் தட்டுகள். மீன் ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பை வழுக்கவிடுவது அதன் வேலை. பொதுவாக நரம்பு அறும் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு டிராக் வைப்பார்கள். 50 பவுண்டு நரம்பு என்றால் சுமார் 22 கிலோ. அதற்கு டிராக் 7 கிலோ. "மூன்றில் இரண்டு பங்கு வீணாகத்தானே கிடக்கிறது?" என்று புதியவர்கள் கேட்பார்கள். கிடக்கவில்லை, அதற்கும் செலவு இருக்கிறது.

நரம்பு வெளியே போகப் போகச் சுருளின் விட்டம் சுருங்குகிறது. தட்டுகளின் பிடி மாறவில்லை. ஆனால் விட்டம் பாதியானால் அதே பிடிக்கு எதிராக நரம்பை இழுக்க இரண்டு மடங்கு விசை தேவை. நீங்கள் விரலைக்கூட வைக்காமல் 7 கிலோ 14 கிலோ ஆகிவிட்டது. இதோடு, நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பு தண்ணீரில் வளைந்து இழுபடும் எடையைச் சேருங்கள். கம்பு வளைந்திருக்கும்போது வளையங்களில் ஏற்படும் உராய்வைச் சேருங்கள். முடிச்சு இருக்கும் இடத்தில் நரம்பின் வலு எப்போதும் கொஞ்சம் குறைவு, அதைக் கழியுங்கள். 22 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இந்த நேரத்தில் லிவரைத் தள்ளினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆக, நரம்பு நிறையப் போய்விட்டால் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் சரி. மனசு இதை ஒப்புக்கொள்ளாது. போகிற பொருளை இன்னும் போகவிடு என்றால் யாருக்குத்தான் கை வரும்? அதனால்தான் இதைக் கரையிலேயே பேசிவைக்க வேண்டியிருக்கிறது. நரம்பு தீரப் போகிறது என்றால் கேப்டனிடம் சத்தம் போட்டுச் சொல்லுங்கள், அவர் எஞ்சினைப் போட்டு மீனின் பின்னால் படகை விடுவார். உங்கள் கட்டைவிரலால் ஆகாததை எஞ்சின் செய்துவிடும்.

டிராக்கை வைக்கவேண்டிய நேரம் கிளம்புவதற்கு முன்பு. ஒருவர் கம்பை மீனோடு போராடுவது போலப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வளையங்கள் வழியாக வரும் நரம்பின் முனையில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுக்க வேண்டும். நரம்பு நகரும் நேரத்தில் முள் காட்டும் எடைதான் உங்கள் டிராக். கையால் இழுத்துப் பார்த்து "போதும், நல்லா டைட்டா இருக்கு" என்று தலையாட்டுகிறவர்களிடம் அப்புறம் தராசைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் பத்து என்று நினைத்தது பெரும்பாலும் நாலில் நிற்கும். லிவர் டிராக் ரீலில் இறுக்கத்தை முன்கூட்டியே அமைக்கும் குமிழைத் திருகுவதானால் லிவரை முழுக்கத் தளர்வுக்குக் கொண்டுவந்த பிறகுதான் திருக வேண்டும்.

சண்டையின் நடுவில் கூடுதல் பிடி தேவை என்றால், உறை போட்ட கையால் சுருளின் ஓரத்தை லேசாக அழுத்துங்கள். மீன் திரும்பினால் அந்த நொடியே கையை எடுத்துவிடலாம். லிவரை அப்படி நொடியில் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. படகை ஒட்டி வரும் மீன் விளக்கைப் பார்த்து மிரண்டு கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும். அப்போது வெளியே இருப்பது குட்டை நரம்பு, நீண்டு கொடுக்காது. பின்னல் நரம்பு என்றால் சுத்தமாகக் கொடுக்காது. அந்த இடத்திலும் கொஞ்சம் தளர்த்தித்தான் வைக்கவேண்டும். லீடரைக் கையில் சுற்றிக்கொள்ளும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பெரிய மீன் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும்.

எனக்கு வயிறு எரிவது போன மீனுக்காக மட்டும் இல்லை. விலை கொடுத்து வாங்கிய முந்நூறு மீட்டர் நரம்பு போனது, அதுகூடப் பரவாயில்லை. வாயில் முள்ளோடு அந்த நரம்பையும் இழுத்துக்கொண்டு ஒரு சூரை இருட்டில் எங்கேயோ அலைகிறது. மூன்று பேர் சும்மா நின்றிருந்தால் நடந்திருக்காது. அதனால் இப்போது எங்கள் படகில் ஒரு விதி: கம்பு பிடித்திருப்பவரிடம் ஒருவர் மட்டும்தான் பேசவேண்டும். மற்றவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டி வழிவிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும்.

## எல்லோரும் ஒன்றாகத் தூங்குவது

மீன் கடிக்காத நடுச்சாமத்தில் ஒவ்வொருவராகச் சாய்வார்கள். கடைசியில் கேப்டனும். சரக்குக் கப்பல் ஒன்று 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். 6 கடல் மைல் தொலைவில் அதன் விளக்கு ஒரு புள்ளி. அங்கிருந்து உங்களிடம் வந்து சேர 18 நிமிடம் போதும். அதன் ரேடாரில் உங்கள் சின்னப் படகு தெரியும் என்று நம்பாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு இருவராக முறை வைத்து விழித்திருங்கள். நங்கூரம் போடாமல் மிதக்கும் படகைச் சர்வதேசக் கடல் விதிகள் போய்க்கொண்டிருக்கும் படகாகத்தான் கணக்கில் எடுக்கின்றன. எஞ்சின் நின்றுவிட்டது என்பதற்காக நங்கூர விளக்கைப் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, ஓட்ட விளக்குகள் எரிய வேண்டும்.

## தலைவிளக்கை அடுத்தவர் முகத்தில் அடிப்பது

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை விளக்கு அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். சிவப்பு விளக்கு வாங்குங்கள்.

## படகோரத்தில் நின்று சிறுநீர் கழிப்பது

வாளி இருக்கிறது.

## மிதவைச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்திருப்பது

ராத்திரி தண்ணீரில் விழுந்தவர் பெட்டியைத் திறக்க மேலே வரமாட்டார்.

## பிடித்த மீனோடு அரை மணி நேரம் போட்டோ எடுப்பது

சூரை மற்ற மீன்களைப் போல இல்லை. அதன் தசை சுற்றியுள்ள கடல்நீரைவிடச் சூடானது. நீண்ட நேரம் போராடிக் களைத்த சூரை இன்னும் சூடேறியிருக்கும். அதைத் தளத்தில் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால், உள்ளேயே சதை வெந்தது போல வெளுத்து ருசி கெட்டுவிடும்.

மீன் மேலே வந்ததும் மூளையில் ஒரு குத்து. மார்புத் துடுப்புக்கு நாலு விரல் பின்னால் இரண்டு பக்கமும் கீறி, செவுளையும் அறுத்து ரத்தத்தை வடியவிடுங்கள். ரத்தம் நின்றதும் குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு ஐஸில் இறக்குங்கள். வெறும் ஐஸ் கட்டிகளின் மேல் வைத்தால் படும் இடம் மட்டும்தான் குளிரும். பொடித்த ஐஸோடு கடல்நீரைக் கலந்து கூழாக்கினால் மீனைச் சுற்றி எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்ளும். உப்புநீர் என்பதால் அது சுழியத்துக்கும் கீழே குளிர்ந்துவிடும்.

ருசி கெடுவதோடு இது நிற்காது. சூரைச் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். குளிர் இல்லாவிட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஒன்றிரண்டு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. மீன் எப்போதும் 4 டிகிரிக்குள் இருக்கவேண்டும். போட்டோவை மீன் குளிர்ந்த பிறகு, விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

## மொபைல் இருக்கிறதே என்று கிளம்புவது

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடும். படகில் வி.எச்.எஃப். ரேடியோ வேலை செய்கிறதா என்று ஏறும்போதே கேளுங்கள். அவசரத்துக்கு 16-ஆம் சேனல், கேப்டனுக்கு ஏதாவது ஆனால் அதில் பேச இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு இருப்பிடத்தை அனுப்பும் அவசர பீக்கன் எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

## பங்கைத் திரும்பி வந்த பிறகு பேசுவது

பிடித்தவருக்கே மீனா, எல்லோருக்கும் சமமா, படகுக்கு ஏதாவது உண்டா? தூங்காத கண்ணோடு, வெயில் ஏறும் துறையில், ஒரே ஒரு பெரிய மீனைச் சுற்றி ஐந்து பேர் நின்றுகொண்டு இதைப் பேச ஆரம்பித்தால் நட்பு தாங்காது. படகுக்குப் பணம் போடும் நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள்.