காய்ச்சல் வருமுன் ஒரு டொக்டரைப் பிடித்து வைப்பது எப்படி?

வவுனியாவில் எங்களுக்கென்று ஒரு டொக்டர் இருந்தார். அப்பாவின் பிரஷர், எனக்கு ஒத்துக்கொள்ளாத குளிசை, அம்மம்மா எத்தனை தரம் கிணற்றடியில் விழுந்தா என்பது வரை அவருக்குத் தெரியும். கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்தபோது அப்படி ஒருவரைத் தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. மூன்று கிழமையாக விடாத இருமலுக்கு நேரே ஒரு நெஞ்சு ஸ்பெஷலிஸ்டை சனல் பண்ணினேன், அதாவது காசு கட்டி நம்பர் எடுத்தேன். நம்பர் 34. இரவு பத்தரைக்குக் கூப்பிட்டார்கள், நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். கிடைத்த மருந்து தெருமுனை டிஸ்பென்சரியிலேயே கிடைத்திருக்கும்.

இலங்கையில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க யாருடைய கடிதமும் தேவையில்லை, காசு கட்டினால் போதும். அதனால் தலையிடிக்கு ஒருவர், நெஞ்செரிவுக்கு இன்னொருவர் என்று நாமே தீர்மானித்து ஓடுகிறோம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. அந்த ஆளைத்தான் இப்போது தேடப் போகிறோம், சுகமாக இருக்கும்போதே.

1. நடந்து போகும் தூரத்தில் தேடுங்கள்

காய்ச்சலோடு மாலை நேர காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் இருந்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று எங்கே இருந்தாலும் பக்கத்து ஒழுங்கைகளில் இரண்டு மூன்று பெயர்ப்பலகைகளாவது இருக்கும். நேரத்தைக் கவனியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் பின்னேரம்தான் தனியாக நோயாளர் பார்ப்பார்கள். முழுநேர டொக்டர் என்றால் காலையிலும் இருப்பார்.

2. பாமசியில் கேளுங்கள்

அயலவரைவிட இவர்கள் நல்ல சாட்சி. "நல்ல டொக்டர் ஆர்?" என்று கேட்டால் மழுப்புவார்கள். "உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் காட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு தடிமனுக்கும் அன்டிபயோட்டிக் எழுதுபவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

3. பதிவைப் பாருங்கள்

இலங்கை மருத்துவச் சபையில் பதிவில்லாத ஒருவர் ஆங்கில மருத்துவம் பார்க்க முடியாது. சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். மருந்து எழுதும் துண்டில் அடிக்கும் சீலிலும் பதிவு இலக்கம் இருக்கும். ஆயுர்வேத வைத்தியர்களுக்குப் பதிவு வேறு சபையில், குழப்பிக்கொள்ளாதீர்கள். பெயருக்குப் பின்னால் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமா ஏதாவது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதற்காகத் தள்ளிவிடவும் வேண்டாம்.

4. சின்ன விஷயத்தோடு போய்ப் பாருங்கள்

பிரஷர் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள், போதும். இங்கேதான் ஆளை எடை போட வேண்டும். உங்களைத் தொட்டுப் பார்க்கிறாரா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்கிறாரா, அல்லது வாயைத் திறக்குமுன்னே துண்டை எழுதத் தொடங்கிவிட்டாரா? நான் முதலில் போன இடத்தில் மூன்றாவதுதான் நடந்தது. திரும்பிப் போகவில்லை.

அப்புறம் மொழி. சிங்கள டொக்டர்களில் நன்றாகத் தமிழ் பேசுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் "கால் உளையுது" என்பதற்கும் "குத்துது" என்பதற்கும் "விறைக்குது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மாவைக் கூட்டிப் போகப் போகிறீர்கள் என்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மகன் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கும்போது எந்த அம்மா மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவா?

டிஸ்பென்சரிகளில் மருந்தையும் டொக்டரே தருவார், காசும் சேர்த்துத்தான். சின்னக் கடதாசி உறையில் "காலை 1, இரவு 1" என்று மட்டும் இருக்கும். மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். நாளைக்கு ஒவ்வாமை வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் "வெள்ளைக் குளிசை, வட்டமானது" என்று சொல்லி ஒன்றும் ஆகாது.

5. ஒரு கொப்பி வாங்குங்கள்

ஒவ்வாமை, பழைய ஒப்பரேஷன், வீட்டில் யாருக்குச் சீனி வருத்தம், எடுக்கும் மருந்து எல்லாம் முதல் பக்கத்தில். இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பின்னால் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கொப்பி.

டெங்குக் காலத்தில் இதன் அருமை தெரியும். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அடுத்த நாள் பிளேட்லட் எண்ணிக்கையை முந்தைய நாளோடு ஒப்பிட வேண்டும். டெங்கு இல்லை என்று டொக்டர் சொல்லும்வரை பரசிட்டமோல் மட்டும். இபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் போன்ற வலி மருந்துகளைத் தொடவே கூடாது.

காசு இறுக்கம் என்றால்

கொழும்புப் பெரியாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு இலவசம், மாநகர சபையின் டிஸ்பென்சரிகளும் இலவசம். பிள்ளைகளுக்கு பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி. கர்ப்பிணிப் பதிவும் தடுப்பூசியும் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்து வேலை. காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர் வரலாம். அப்போது கொப்பி இன்னும் அவசியம்.

ஆளைப் பிடித்தாயிற்று என்றால் கடைசியாக ஒன்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறப்பாரா? மூடியிருந்தால் யாரிடம் போகச் சொல்கிறார்? நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல் என்றால் அவரையும் தேட வேண்டாம். 1990-க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.