ஹாங்காங்ல அந்தக் காலத்து குழந்தை கடத்தல் பத்தி தேடிப் படிக்கிறது எப்படி

ப்ராஜெக்ட்டுக்கு இந்த டாபிக் எடுக்கறவங்க நேரா சட்டத்துல போய் உக்காந்துடறாங்க, அது வேணாம், 1878ல ஆரம்பிங்க. அந்த வருஷம் நவம்பர்ல ஹாங்காங்ல இருந்த தொங்குவான் (சீனாவுல ஒரு ஊரு) வியாபாரிங்க சில பேரு பிரிட்டிஷ் கவர்னர் ஜான் போப் ஹென்னெஸிகிட்ட மனு குடுக்கறாங்க, பொம்பளைங்களயும் பசங்களயும் கடத்திட்டு வந்து விக்கறாங்க, கப்பல் ஏத்தி வெளியூருக்கும் அனுப்பறாங்க, நாங்களே ஒரு சங்கம் வெச்சு தடுக்கறோம்னு. அப்படி வந்த சங்கம்தான் போ லியுங் குக் (Po Leung Kuk).

ஒரு கேஸ் கைல கிடைச்சா மூணு விஷயம் தேடுங்க: யாரு கண்டுபிடிச்சாங்க, அன்னிக்கு ராத்திரி அந்தக் குழந்தை எங்க தூங்குச்சு, கடைசில யார் கைல ஒப்படைச்சாங்க. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியம். கடத்தினவன பிடிச்சு உள்ள போட்டாலும் குழந்தைக்குப் போக்கிடம் இல்லன்னா திரும்ப அதே மாதிரி ஆளுங்க கைலதானே சிக்கும்? போ லியுங் குக் மீட்டவங்கள ஆரம்பத்துல துங் வா ஆஸ்பத்திரிலதான் தங்க வெச்சாங்க, தனி கட்டிடம் 1896லதான், இப்ப இருக்கற லெய்ட்டன் ரோடு இடம் 1932. வீட்டு அட்ரஸ் தெரிஞ்சா ஊருக்கு அனுப்புவாங்க, இல்லன்னா தத்து குடுப்பாங்க, பெரிய பொண்ணா இருந்தா கல்யாணம் பண்ணி வெப்பாங்க (அவள ஒரு வார்த்தை கேட்டாங்களான்னும் பாருங்க).

அடுத்தது முய் ட்சாய் (mui tsai). ஏழை வீட்டுப் பொண்ணுங்கள காசு குடுத்து வாங்கி வீட்டு வேலைக்கு வெச்சுக்கறது. தலைமை நீதிபதி ஜான் ஸ்மேல் 1879ல இது அடிமைத்தனம்தான்னு கோர்ட்லயே சொல்லிட்டாரு, ஆனா கடத்தல தடுக்கணும்னு மனு போட்ட அதே பெரிய மனுஷங்க கூட்டம் இது எங்க வழக்கம், ஏழைப் பொண்ணுக்கு சோறு போடறோம்னு வாதாடுச்சு. கடத்திட்டு வந்தா குத்தம், பெத்தவங்ககிட்ட காசு குடுத்து வாங்கினா தர்மமாம்! கட்டுரைல இந்த இடத்த விட்டுடாதீங்க. முய் ட்சாய் வெச்சுக்கறதுக்கு எதிரான சட்டம் 1923ல வந்துச்சு, அந்தப் பொண்ணுங்கள ரெஜிஸ்டர் பண்ற வேலைய 1929லதான் ஆரம்பிச்சாங்க.

தேடறதுக்கு ஹாங்காங் யூனிவர்சிட்டி சைட்ல 1842லேர்ந்து 1941 வரைக்கும் உள்ள அரசாங்க ரிப்போர்ட் இருக்கு. அதுல போ லியுங் குக் பத்தின 1893 கமிட்டி ரிப்போர்ட்ட முதல்ல எடுங்க. ஆளு, ஊரு, சங்கம்னு எந்தப் பேரையும் இங்கிலீஷ்ல பல ஸ்பெல்லிங் போட்டு தேடுங்க, பழைய பேப்பர்ல ஒரே மாதிரி இருக்காது.