தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியைச் சுத்தம் செய்வது எப்படி

சாப்டூர் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். தாத்தா காலத்தில் இந்தத் துப்பாக்கியோடு மானுக்குப் போனார்கள். 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது குற்றம். மான்கள் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உரிமத்தோடு வீட்டில் இருக்கும் துப்பாக்கியைத் துருப்பிடிக்க விடக்கூடாது.

முதலில் உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கி, திறந்து பார்க்க முடியாது. மருந்தை இடித்துக் கெட்டிக்கிற இடிகம்பியைக் குழலுக்குள் முழுக்க விட்டு, வாயோரம் விரலால் பிடித்து வெளியே எடுங்கள். குழலின் வெளிப்பக்கம் வைத்து அளந்தால், கம்பி கிட்டத்தட்ட அடிவரை வர வேண்டும். நாலு விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. தோண்டவே தோண்டாதீர்கள், உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள். வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

இதில் போடுகிற கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி. எரிந்தபின் மிஞ்சும் கசடு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் குழலைத் தின்றுவிடும். எண்ணெய் மட்டும் விட்டால் கசடு போகாது, தண்ணீர்தான் கரைக்கும். கேப்பு (அடித்தால் பொறி தெறிக்கும் சின்னத் தொப்பி) வைக்கிற நிப்பிளை, அதாவது குழலின் அடியில் உள்ள சிறு முனையைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரை ஊற்றி, கம்பியில் பருத்தித்துணி சுற்றித் தேயுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். அப்புறம் வெறும் வெந்நீர். சூட்டிலேயே குழல் சீக்கிரம் காயும்.

காய்ந்ததும் துப்பாக்கி எண்ணெய் லேசாக. தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். வாய் கீழே இருக்கும்படி சாய்த்து, பூட்டிய அலமாரியில் வையுங்கள். எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்காது.