ஒரே பெயர், வேறு ஆள்: ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் புதிதல்ல. 'பெயரன்'தான் பேரன் ஆனான். ஸ்காட்லாந்துக் குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு, அதுவும் வரிசை வைத்து. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், மூன்றாமவனுக்கு அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர். முன்னோரைத் தேடிக் கிளம்புகிறவர் முதலில் வழுக்கி விழுவது இங்கேதான்.

ஜான் ராபர்ட்சன் என்று ஒருவர். அவருக்கு நான்கு மகன்கள், நால்வரும் அதே பாரிஷில், அதாவது ஒரே திருச்சபையின் எல்லைக்குள், குடித்தனம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் வீட்டிலும் தலைச்சன் பிள்ளை ஜான்தான். பத்து வருஷத்துக்குள் ஒரே பதிவேட்டில் நான்கு ஜான் ராபர்ட்சன்கள். ஒரு ஜான் குழந்தையிலேயே இறந்துபோனால், அடுத்துப் பிறந்தவனுக்கும் பல வீடுகளில் அதே பெயரை வைத்தார்கள். கண்ணில் பட்ட முதல் ஜானை எடுத்து நம் வம்சாவளியில் ஒட்டிவிட்டால், அதற்கு மேலே தேடிச் சேர்ப்பதெல்லாம் அடுத்த வீட்டுக்காரர் முன்னோர்கள். 'கிடைத்துவிட்டார்' என்று குதிப்பதற்கு முன், மற்ற ஜான்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்து ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் மொத்த ஆராய்ச்சியும் இதற்குள்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1-ல். இங்கிலாந்தைவிடப் பதினெட்டு வருஷம் தாமதம். ஆனால் விவரத்தில் ஸ்காட்லாந்துதான் கெட்டி. திருமணப் பதிவில் இரு வீட்டாரின் அப்பா பெயரோடு, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். இறப்புப் பதிவிலும் அப்படியே. அந்த முதல் வருஷமோ அள்ளிக் கொடுத்த வருஷம்: 1855-ல் பிறந்த குழந்தையின் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணமான நாள், முன்பு பிறந்த பிள்ளைகள் எத்தனை என்பது வரை உண்டு. எழுதி மாளவில்லை போலும், மறுவருஷமே பத்திகளைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் முன்னோர் 1840-ல் பிறந்தவரா? 'நமக்கு இது உதவாது' என்று விட்டுவிடாதீர்கள். அவருடைய தம்பியோ தங்கையோ 1855-ல் பிறந்திருந்தால், அந்த ஒரு பக்கத்தில் உங்கள் முன்னோரின் பெற்றோர் விவரமும் கிடைத்துவிடும்.

அரசுச் சான்று என்பதாலேயே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. இறப்புப் பதிவின் கடைசியில், தகவல் கொடுத்தவர் கையெழுத்தைப் பாருங்கள். 'மருமகன், உடன் இல்லை' என்று இருக்கும். மாமனார் சாகும்போது அருகில் இல்லாத மனிதர், மாமனாரின் அம்மா எந்த வீட்டுப் பெண் என்பதை எவ்வளவு சரியாகச் சொல்லியிருப்பார்? அதேபோல 1841 கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 40 என்றிருந்தால் ஆள் 44 ஆகவும் இருக்கலாம். உறவுமுறையும் அதில் இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணை மனைவி என்று நினைத்தால் அக்காவாக இருந்து தொலைப்பார்.

1855-க்கு முன்னால் போனால் சபைப் பதிவேடுகள்தான் கதி. மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் பாரிஷில் 1553-ல் தொடங்குகிறது. அதற்காக எல்லா ஊரிலும் அப்படி இருக்கும் என்று நம்ப வேண்டாம். பல இடங்களில் இருநூறு வருஷம் கழித்துத்தான் ஏடு தொடங்கும், நடுவில் பக்கங்களும் இருக்காது. இவை ஸ்காட்லாந்து திருச்சபையின் ஏடுகள். 1843-ல் அந்தச் சபை பெரிதாக உடைந்து, ஃப்ரீ சர்ச் தனியாகப் போனது. பிரிந்துபோன குடும்பத்தைப் பழைய ஏட்டில் தேடிவிட்டு 'ஞானஸ்நானமே எடுக்கவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி வேறு இருந்தது. அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் பதியாமலே விட்டார்கள்.

திருமண ஏட்டில் இருப்பது பெரும்பாலும் ஓலை வாசித்த நாள்தான் (கல்யாணம் நடக்கப்போகிறது என்று சபையில் முன்கூட்டியே அறிவிப்பதுதான் ஓலை), கல்யாண நாள் அல்ல. மாப்பிள்ளை ஊரிலும் பெண் ஊரிலும் ஓலை வாசிப்பார்கள் என்பதால் ஒரே கல்யாணம் இரண்டு ஏட்டில் இரண்டு தேதியில் வரும். இதைப் பார்த்து ஒருவருக்கு இரண்டு மனைவி கட்டிவைத்தவர்கள் உண்டு.

எழுத்துக்கூட்டலைப் பிடித்துத் தொங்காதீர்கள். டொனால்ட் வேறோர் ஏட்டில் டேனியல் ஆவார், பேட்ரிக் பீட்டர் ஆவார், ஜேனட் ஜெஸ்ஸி ஆவாள்.

குடும்பப் பெயரை வைத்துக் குலத்தையும், அந்தக் குலத்துக்கென்று சொல்லப்படும் டார்ட்டன் என்ற கட்டம்போட்ட துணியையும் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குலத் தலைவனின் நிலத்தில் குடியிருந்தவர்கள் அவன் பெயரைச் சூடிக்கொண்டது சாதாரணம். மக்ரெகர் என்ற பெயருக்கே 1603-ல் தடை விதித்தார்கள். இடையில் தளர்ந்து மீண்டும் வந்த அந்தத் தடை முழுதாக நீங்கியது 1774-ல்தான். அதனால் ஏட்டில் கேம்ப்பெல், டிரம்மண்ட் என்றிருப்பவர் மக்ரெகராகவும் இருக்கலாம்.

இளைஞன் ஒருவன் திடீரென்று ஏடுகளில் இருந்து மறைந்தால் செத்துப்போனான் என்று எழுதிவிடாதீர்கள். சென்னை எழும்பூரில் 1821-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற தேவாலயம் எழுந்ததே இங்கே வந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகத்தான். அவர்களுடைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளை எடின்பரோவில் தேடிப் பயனில்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிறப்புப் பதிவில் அப்பா பெயர் இல்லை என்றதும் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் மணமாகாமல் கர்ப்பமான பெண்ணைச் சபை மூப்பர்கள் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் காரணம் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். ஒழுக்கம் ஒரு பக்கம். பிள்ளையை வளர்க்கும் செலவு பாரிஷின் ஏழைகள் நிதி தலையில் விழுமே என்ற கவலை மறுபக்கம். அவள் சொன்ன பெயரும், அந்த ஆள் வந்து ஒப்புக்கொண்டதும் மறுத்ததும் கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே இருக்கும். ஸ்காட்லாந்து அரசின் முன்னோர் ஆவண இணையதளமான ஸ்காட்லாண்ட்ஸ் பீப்புளில் 2021 முதல் அந்த ஏடுகளைக் காசில்லாமல் புரட்டலாம். பெயர்த் தேடல் கிடையாது, குழந்தை பிறப்பதற்கு ஆறேழு மாதம் முன்னாலிருந்து பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு வர வேண்டும்.