ஜீப்புக்கு பெட்லைனர் அடிக்கப் போகிறீர்களா? அதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

காட்டுப் பாதையில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் சாதாரண பெயின்ட் வெறுத்துப்போகும். உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் இரண்டு பக்கமும் உரசி, புதுசாக அடித்த ஜீப் ஒரே சீசனில் பூனை பிறாண்டியது போல ஆகிவிடும். அப்போதுதான் யாராவது ஒருவர், “பெட்லைனர் அடிச்சுடுங்க, கல்லு பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது” என்பார். பிக்கப் வண்டிகளின் பின்தொட்டியில் சாமான் உரசித் தகரம் கெடாமல் இருக்க அடிக்கிற சொரசொரப்பான பூச்சு அது. அவர் சொல்வது பொய்யில்லை. என் பழைய ஜீப்பில் அடித்த பூச்சுக்கு இரண்டு வருஷம் கழித்தும் ஒன்றும் ஆகவில்லை, அதன் அடியில் இருந்த தகரம்தான் போய்விட்டது.

முதல் தவறு அதுதான், நான் செய்ததும் அதைத்தான். பெட்லைனர் தடிமனானது, நெளிவு, பள்ளம், பள்ளத்தை நிரப்பப் பூசிய பழைய பட்டி எல்லாவற்றையும் மூடிவிடும். அதனாலேயே துருவையும் சேர்த்து மூடிவிடலாம் என்று மனசு சொல்லும். துரு மூடினால் நிற்காது. உள்ளே கொஞ்சம் ஈரமும் காற்றும் இருந்தால் போதும், அது பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சாதாரண பெயின்ட்டாக இருந்தால் கொப்புளம் கிளம்பிக் காட்டிக்கொடுத்துவிடும், இந்தத் தடித்த தோல் கடைசிவரை காட்டிக்கொடுக்காது. ஒரு நாள் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். பழைய ஜீப்புகளில் கால் வைக்கும் தரை, பின் மூலைகள், முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி, இந்த மூன்றையும் தரை விரிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். சின்ன காந்தம் ஒன்றை எடுத்து பாடி முழுக்க ஓட்டுங்கள், ஒட்டாத இடத்தில் இருப்பது தகரம் இல்லை, பட்டி. ஓட்டை விழுந்த இடத்தை வெட்டித் தகரம் வைத்து வெல்டிங் செய்யாமல் மேலே என்ன அடித்தாலும் வீண். வெறும் தகரம் தெரிகிற இடத்துக்கு துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், டப்பாவில் இருக்கிறதே என்று ரெட் ஆக்சைடை இழுத்துவிட்டு வேலையை முடிப்பவர்களும் உண்டு.

அடுத்தது, முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அப்புறம் துடைப்பது. பார்க்கச் சரியான வரிசை போலத்தான் தெரியும். ஆனால் வண்டி மேல் இருக்கும் பாலிஷ், சிலிக்கான், எண்ணெய் எல்லாம் அந்தக் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதன் மேல் எதுவும் பிடிக்காது. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு கிரீஸ் போக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுப்பது, அதற்கப்புறம்தான் 180 அல்லது 240 நம்பர் தாள், கடைசியில் திரும்பவும் ஒரு துடைப்பு. இன்னொரு விஷயம், வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அப்படிப் பல வருஷம் எண்ணெய் குடித்த வண்டி என்றால் இந்தத் துடைக்கும் வேலையை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது? கடையில் “பெட்லைனர்” என்று சொல்லி மூன்று நான்கு வேறு வேறு சரக்கைத் தருவார்கள். பாலியூரியா என்பது ஒன்று, அதைச் சூடாக்கி அதிக அழுத்தத்தில் மெஷின் வைத்து அடிக்க வேண்டும், சில நொடிகளிலேயே இறுகிவிடும், வீட்டு கம்ப்ரசரில் நடக்காது. ராப்டர் பிராண்ட் போல, இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் இன்னொன்று, மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு ஹார்டனர் என்று கலந்து நாமே அடிக்கலாம். மூன்றாவது, ஹார்டனரே இல்லாத ஸ்ப்ரே டப்பா ரகம், விலை குறைவு, ஆயுளும் குறைவு. ரப்பர் மாதிரி உரித்தெடுக்கிற பூச்சையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள், டேங்க் மூடி பக்கத்தில் பெட்ரோல் வழிந்தால் அது இளகிப் போய்விடும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஆரோமாட்டிக்கா, ஆலிஃபாட்டிக்கா? முதலாவது வெயிலில் நிறம் மங்கி வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தது போல ஆகும். வெளியில் நிற்கிற வண்டிக்கு இரண்டாவதுதான் வேண்டும், இல்லையென்றால் மேலே வெயில் தாங்கும் கோட் ஒன்று அடிக்க வேண்டும். கேட்டதற்குக் கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

கலந்த சரக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பாட்டிலில் போட்டிருப்பது பெரும்பாலும் 20 டிகிரிக் கணக்கு. சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் 38 டிகிரி அடிக்கும்போது அதில் பாதி கிடைத்தாலே அதிகம். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் ஸ்ப்ரே கன்னையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். மழைக்காலம் வேறு விதமான தொல்லை. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பி, பூச்சு முழுக்கக் குமிழி குமிழியாக நிற்கும். கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

அந்த ஐசோசயனேட் மூச்சுக்குள் போவதுதான் இதில் உண்மையாகவே ஆபத்தானது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா மாதிரி மூச்சு இழுக்கும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்குக் காணாது, வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி இல்லாமல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அது கிடைக்காவிட்டால் ரோலரில் உருட்டுங்கள், காற்றில் பறப்பது வெகுவாகக் குறையும், ஆனாலும் திறந்த இடமும் கையுறையும் வேண்டும்.

சேஸிஸுக்கும், அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கும், இதையே அடித்துவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். அங்கே கல் அடித்து ஓர் இடத்தில் பூச்சு விட்டுப்போனால் தண்ணீர் பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவில் புகுந்து நிற்கும், தார் மாதிரி அடிக்கும் ரப்பர் கோட்டிங்கும் இறுகி வெடித்தால் இதே கதிதான். சேஸிஸுக்கு மெழுகு ரகம் நல்லது, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. கதவின் அடியிலும் தரையிலும் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளை அடிப்பதற்கு முன் டேப் போட்டு அடைத்துவிடுங்கள், முடிந்ததும் மறக்காமல் பிரியுங்கள். பம்பர், ஏணி, கேரியர் போன்ற கழற்றக்கூடிய இரும்புச் சாமான்களுக்கு பவுடர் கோட்டிங்கே போதும்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஜீப் என்றாலே ராணுவப் பச்சை அடிக்கத் தோன்றும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 121ஆவது விதிப்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான், மற்றவர்கள் அடிக்கக்கூடாது. வேறு நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் மாற்றியாக வேண்டும். பெயின்ட்டை அடித்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று யோசிக்காதீர்கள், ஏனென்றால் இந்தப் பூச்சைச் சுரண்டி எடுப்பது லேசான வேலை இல்லை. எனக்கு இரண்டு கதவுக்கே ஹீட் கன்னும் பட்டித் தகடுமாக நான்கு நாள் ஆனது.

இப்போது என் வண்டியில் இடுப்புக்குக் கீழே மட்டும் பெட்லைனர், மணல் நிறம். முள் உரசுவது அங்கேதான். செம்மண் அந்தச் சொரசொரப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, பிரஷ் போட்டுத்தான் கழுவ வேண்டியிருக்கிறது. பேனட்டுக்கும் மேல் பாகத்துக்கும் சாதாரண சிந்தெடிக் எனாமல்தான், கீறல் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ரோலரை எடுத்து உருட்டிவிடுகிறேன்.