ட்ரிஃப்ட் ஆர்.சி. காருக்கு சேஸிஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, ட்ரிஃப்டுக்கு எந்த சேஸிஸ் நல்லது?" புதுச்சேரியிலும் கடலூரிலும் ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார் ஓட்டப் புதிதாக வருகிற தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். ட்ரிஃப்ட் என்றால் வளைவில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டுவது, சேஸிஸ் என்றால் பாகங்களெல்லாம் உட்காரும் அடிச்சட்டம். "எந்தத் தரையில் ஓட்டப்போகிறாய்?" என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. யோகோமோவா எம்.எஸ்.டி.யா, எந்தக் கம்பெனி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்திருப்பார்கள், கார்பன் தகட்டின் தடிமன்கூட மனப்பாடமாக இருக்கும். தரையை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தவரை, வீணாகிற பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. முதலில் தரை, அப்புறம் அதற்கேற்ற டயர், அப்புறம் உடைந்தால் கிடைக்கிற உதிரி பாகம். சேஸிஸின் பெயர் அதற்குப் பிறகுதான்.

தரையைப் பார்க்காமல் வாங்குவது

ட்ரிஃப்ட் காரின் டயர் ரப்பர் இல்லை, கெட்டி பிளாஸ்டிக். ஆரம்ப காலத்தில் பி.வி.சி. பைப்பை வளையமாக அறுத்து வீலில் மாட்டி ஓட்டியவர்கள் உண்டு. இன்று கார்பெட்டுக்கு ஒன்று, கான்கிரீட்டுக்கு ஒன்று, வழவழப்பான தரைக்கு ஒன்று என்று தனித்தனிக் கலவையில் டயர் வருகிறது. ஒரே சேஸிஸ் ஒரு தரையில் அழகாகச் சறுக்கும், இன்னொரு தரையில் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும்.

நம் பக்கத்துத் தரைகளை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியின் பழைய வீடுகளில் உள்ள ரெட் ஆக்சைடு தரையும் கடப்பா கல் தரையும் ட்ரிஃப்டுக்கு அருமையானவை. ஒரே சீராக இருக்கும், இடுக்கு குறைவு, டயரும் அவ்வளவு சீக்கிரம் தேயாது. மொசைக்கும் பரவாயில்லை. புதிய ஃபிளாட்டுகளில் போடுகிற விட்ரிஃபைடு டைல்ஸ் மிகவும் வழுக்கும், அதில் காரை முன்னோக்கித் தள்ளவே பின்சக்கரத்துக்குப் பிடி கிடைக்காது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் வெறும் கான்கிரீட் என்றால் நல்லது. சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸோ பேவர் பிளாக்கோ இருந்தால் வேறு இடம் பாருங்கள். இந்தக் கார்களின் அடிப்பாகம் தரைக்குச் சில மில்லிமீட்டர் மேலேதான் நிற்கிறது, ஒவ்வொரு இடுக்கிலும் இடித்துக்கொண்டே போகும். தார் ரோடு டயரைத் தின்றுவிடும்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, காலியாகத்தானே இருக்கிறது என்று சிலர் அங்கே காரை இறக்குகிறார்கள். வேண்டாம். குழந்தைகளும் வயதானவர்களும் நடக்கிற இடம் அது. ஒன்றரை கிலோ எடையுள்ள கார் கணுக்காலில் மோதினால் அது விளையாட்டு இல்லை. கடலூரில் சில்வர் பீச் பக்கம் போகிற சாலைக்கும் இது பொருந்தும், அங்கே மணலும் கூடுதல். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் சும்மா கிடக்கிற கல்யாண மண்டபங்களைக் கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொண்டால் வாடகை கட்டுப்படியாகலாம். தரையும் பெரும்பாலும் சீராக இருக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கூரையுள்ள இடம் தவிர வேறு வழியும் இல்லை.

தரை முடிவானால் சேஸிஸில் பார்க்க வேண்டியதும் தெளிவாகிவிடும். வழுக்கும் தரை என்றால் பேட்டரியும் மோட்டாரும் பின்சக்கரத்தின் மேலோ அதற்குப் பக்கத்திலோ உட்காரும் அமைப்பு உதவும். கார்பெட் போலப் பிடிப்புள்ள தரையில் மோட்டார் நடுப்பக்கம் இருந்தாலும் சமாளிக்கலாம். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்க இடம் தருகிற சேஸிஸ் புதியவருக்கு நல்ல தேர்வு, ஏனென்றால் நீங்கள் ஓட்டும் இடம் எப்படியும் மாறும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறான நினைப்பும் உண்டு: ட்ரிஃப்ட் என்றாலே சறுக்கல்தானே, பிடி எதற்கு என்பது. பின்சக்கர இழுவைக் காரில் பின்பக்கம் கடித்துப் பிடித்து முன்னே தள்ளினால்தான் முன்சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வளைவு முழுக்கச் சறுக்க முடியும். வீல் அலைன்மென்ட் கடைகளில் 5 கிராம், 10 கிராம் என்று ஒட்டுகிற எடைத் துண்டுகள் கிடைக்கும். அதில் நாலைந்தைப் பின்பக்கம் ஒட்டிப் பாருங்கள், கார் வேறு கார் ஆகிவிடும். இடது வலது எடை சமமா என்று பார்க்கச் சமையலறை டிஜிட்டல் தராசு இரண்டு போதும்.

நான்கு சக்கரமா, இரண்டு சக்கரமா என்று தெரியாமல் வாங்குவது

முன்பெல்லாம் ஆர்.சி. ட்ரிஃப்ட் என்றால் நான்கு சக்கர இழுவைதான். நான்கும் ஒரே வேகத்தில் சுற்றும், முன்சக்கரம் பார்க்கிற பக்கம் காரை இழுத்துக்கொண்டு போகும். பழகுவது சுலபம், ஆனால் நிஜ ட்ரிஃப்ட் காரில் சறுக்கும்போது முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிற அந்த எதிர்த்திருப்பம் அவ்வளவாகத் தெரியாது. அதற்காகப் பின்சக்கரத்தை முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றவைக்கும் கவுண்டர் ஸ்டியர் முறை வந்தது. கார் நழுவுவதை உணர்ந்து ஸ்டியரிங்கைத் திருத்தும் கைரோ என்ற கருவி வந்த பிறகு முழுக்கப் பின்சக்கர இழுவைக்குப் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள். யோகோமோவின் ஒய்.டி.-2 வரிசை, தைவான் எம்.எஸ்.டி.யின் ஆர்.எம்.எக்ஸ் வரிசை, ஹாங்காங் த்ரீரேசிங்கின் சகுரா டி5 எல்லாம் இந்த வகை. டமியாவின் டி.டி.-02டி ட்ரிஃப்ட் பெயரிலேயே வருகிறது, ஆனால் நான்கு சக்கர இழுவை.

இரண்டில் எதுவும் மட்டம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், உங்களோடு ஓட்டப்போகிறவர்கள் பின்சக்கர இழுவை வைத்திருக்கும்போது நீங்கள் மட்டும் நான்கு சக்கரத்தோடு போய் நிற்பதில். வளைவில் இரண்டின் வேகமும் பாதையும் ஒத்துப்போகாது, ஒட்டி ஓட்டவே முடியாது. கூட ஓட்டுகிறவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். தனியாக வீட்டில், பத்து வயதுப் பிள்ளையோடு ஓட்டுவதற்கு என்றால் நான்கு சக்கரமே போதும், தாராளமாக வாங்கலாம்.

கைரோ மாட்ட முடியாத காரை வாங்குவது

நிஜ காரில் பின்பக்கம் நழுவுவதை ஓட்டுநரின் உடம்பே உணர்ந்துவிடும். ஆர்.சி. காரை நாம் வெளியே நின்று பார்க்கிறோம். கண் பார்த்து, விரல் அசைந்து, முன்சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோ திரும்புவதற்குள் கார் சுற்றிவிடும். அந்த இடைவெளியைத்தான் கைரோ நிரப்புகிறது. பின்பக்கம் நழுவத் தொடங்கியதும் அதுவே சர்வோவிடம் எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லும். பின்சக்கர இழுவைக்கு இது இல்லாமல் முடியவே முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் 'ட்ரிஃப்ட் கார்' என்று மலிவாக வருகிற பல சிறிய கார்களில் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும் ஒரே போர்டில் இருக்கும். சர்வோவிலிருந்து ஐந்து ஒயர் வரும். சாதாரண சர்வோவுக்கு மூன்று ஒயர்தான். ஐந்து ஒயர் சர்வோவுக்கு உள்ளே தனி சர்க்யூட் கிடையாது, அந்தப் போர்டுதான் அதை நடத்துகிறது. நடுவில் கைரோவை நுழைக்க வழியே இல்லை. மோட்டாரை மட்டும் மாற்றலாம் என்றாலும் போர்டு தாங்காது. கடைசியில் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டிவரும், அதற்கு முதலிலேயே நல்லதாக வாங்கியிருக்கலாம். விற்கிறவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "சர்வோ எத்தனை ஒயர்?"

கைரோ மாட்டியதும் சேஸிஸைத் தரையில் விடாதீர்கள். மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டு, சேஸிஸைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பினால் முன்சக்கரங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும், கார் எங்கே திரும்பினாலும் சக்கரம் மட்டும் பழைய திசையையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். அதற்கு மாறாக மூக்கு போகிற பக்கமே சக்கரமும் போனால் கைரோவின் திசை தலைகீழ். கைரோவிலேயே ரிவர்ஸ் சுவிட்சோ செட்டிங்கோ இருக்கும், மாற்றிவிடுங்கள். இதைப் பார்க்காமல் ஓட்டிவிட்டு "சேஸிஸ் சரியில்லை, சுத்திக்கிட்டே இருக்கு" என்று விற்றவர்களும் உண்டு.

சர்வோவில் கஞ்சத்தனம் வேண்டாம். கைரோ வினாடிக்குப் பலமுறை சொல்லுவதை மெதுவான சர்வோ கேட்டு முடிக்காது, முன்சக்கரம் ஆடிக்கொண்டே இருக்கும். 60 டிகிரி திரும்ப 0.1 வினாடியோ அதற்குக் குறைவோ எடுக்கும் டிஜிட்டல் சர்வோ நல்லது. பல ட்ரிஃப்ட் சேஸிஸ்களில் உயரம் குறைந்த சர்வோதான் உட்காரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்பனும் அலுமினியமும்

மினுமினுக்கிற கார்பன் சேஸிஸையும் நீல நிற அலுமினியத்தையும் பார்த்து மயங்குவது இயல்பு, அழகாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் சுவரில் மோதாமல் இருக்க முடியாது. சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கிற பிளாஸ்டிக் சஸ்பென்ஷன் ஆர்ம் கொஞ்சம் வளையும், மிஞ்சினால் அது மட்டும் உடையும். அலுமினிய ஆர்ம் வளையாது, அடியை அப்படியே உள்ளே கடத்தும். உடைவது அதைத் தாங்கியிருக்கும் பெரிய பாகம். யோகோமோவின் ரூக்கி ட்ரிஃப்ட், ஆர்.எம்.எக்ஸின் அடிப்படை மாடல் போன்ற பிளாஸ்டிக் சேஸிஸ்களில் தொடங்கி, எங்கே ஆட்டம் வருகிறதோ அங்கே மட்டும் நல்ல பாகம் போடுவதுதான் என் சிபாரிசு. முதலில் காசு போட வேண்டிய இடம் முன்பக்க நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) ஸ்டியரிங்கும்.

நம் ஊருக்கு என்று தனியாக ஒரு கவலை: உப்புக் காற்று. முத்தியால்பேட்டையிலோ தேவனாம்பட்டினத்திலோ மாடியில் ஒரு வாரம் மூடாமல் வைத்த காரின் பேரிங்கைச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரும், கழற்றினால் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு. அதனால் எல்லோரும் பயன்படுத்துகிற அளவில் பேரிங் உள்ள சேஸிஸாகப் பாருங்கள், உள்ளூரிலேயே மாற்று கிடைக்க வாய்ப்பு அதிகம். பெல்ட் வெளியே தெரிகிற சேஸிஸில் மணல் புகுந்து பற்களை அரிக்கும். கியர் பாக்ஸ் மூடியிருப்பது இங்கே பெரிய ஆறுதல். ஓட்டி முடித்ததும் பெயிண்ட் பிரஷ்ஷால் மணலைத் தட்டி, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பது

கிட் என்று எழுதியிருந்தால் உள்ளே சேஸிஸ் மட்டும்தான், அதுவும் துண்டு துண்டாக. மோட்டார், ஈ.எஸ்.சி., சர்வோ, கைரோ, ட்ரான்ஸ்மிட்டர், ரிசீவர், பேட்டரி, சார்ஜர், மேல்கூடான பாடி எல்லாம் தனி. டயரும் பல கிட்களில் இருக்காது. எல்லாம் சேர்த்தால் கிட்டின் விலையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுவது சாதாரணம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி வேறு. மோட்டார் 13.5டி (கம்பிச் சுற்றின் எண்ணிக்கை) பிரஷ்லெஸ், சென்சார் உள்ளது, போதும். சென்சார் இல்லாதது மெதுவாகக் கிளம்பும்போது திக்கித் திக்கிப் போகும்.

பேட்டரியை முதலில் வாங்கிவிடாதீர்கள். 2எஸ் லைப்போவில் (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) ஷார்ட்டி என்ற குட்டை வகை சுமார் 96 மி.மீ. நீளம், முழு அளவு சுமார் 138 மி.மீ. பல பின்சக்கர இழுவை சேஸிஸ்களில் ஷார்ட்டிதான் நுழையும். பாடிக்கும் அதே கதை. நிஜ காரில் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவு ட்ரிஃப்ட் சேஸிஸ்களில் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) பெரும்பாலும் 257 மி.மீ. சுற்றி இருக்கும். டமியாவின் வீல்பேஸ் குறைந்த எம் வகைக் கார்களுக்கான குட்டி பாடியை ஆசைப்பட்டு வாங்கினால் சக்கரம் வளைவுக்குள் உட்காராது.

உதிரி பாகம் பற்றி ஒன்று. ஒரு ஆர்ம் உடைந்து, அது வெளிநாட்டிலிருந்து வரும்வரை கார் அலமாரியில் கிடந்தால் ஆர்வமே போய்விடும். உங்கள் ஊரில் நாலு பேர் வைத்திருக்கிற சேஸிஸ், அது கொஞ்சம் பழைய மாடலாக இருந்தாலும், யாரிடமும் இல்லாத புது மாடலைவிட மேல். சேஸிஸோடு சேர்த்தே முன் ஆர்ம் ஒரு ஜோடி, நக்கிள் ஒரு ஜோடி, மோட்டார் பல்சக்கரத்தோடு சேரும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர் ஒன்று வாங்கிவிடுங்கள். இணைப்பிகளும் சாலிடர் சாமான்களும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், இந்த ஆர்மும் நக்கிளும் அங்கே போய்க் கிடைக்கிற பொருள் இல்லை.

பழையது வாங்குகிறவர்களுக்கு

பழைய சேஸிஸ் வாங்குவது நல்ல யோசனைதான், பார்த்து வாங்கினால். பாடியைக் கழற்றச் சொல்லுங்கள். முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், லேசான ஆட்டம் இருந்தே தீரும், டக் டக் என்று இடித்தால் பேரிங்கோ நக்கிளோ போயிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க இரு பக்கமும் திருப்பி, சக்கரம் எங்காவது உரசுகிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்புகிறதா என்று பாருங்கள். அடித்தகட்டைச் சமமான மேசையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்துங்கள், ஒரு மூலை ஆடினால் தகடு முறுக்கியிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். கார்பன் தகடாக இருந்தால் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்து, அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று தடவுங்கள். ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்து வட்டமாகியிருந்தால் அடிக்கடி கழற்றி மாட்டிய கார். கடைசியாகப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், ஒரே இடத்தில் இடறினால் ஸ்பர் கியரில் பல் போயிருக்கலாம். அது விலை குறைந்த பாகம், அந்தக் காசைக் கழித்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம்.