வைக்கோல் ரேக் சீக்கிரம் தேய்ந்துபோகாமல் காப்பது எப்படி? புதிதாக வாங்கியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கம்பைன் அறுவடை முடிந்த வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலை வரிசையாக ஒதுக்கிக் கொடுத்தால்தான், அதை உருளையாகக் கட்டும் பேலர் தடையில்லாமல் ஓடும். அந்த வேலையைச் செய்யும் ரேக்கில் எஞ்சினோ கத்தியோ கிடையாது. ஒரு சட்டம், அதில் நான்கைந்து சக்கரங்கள், சக்கரங்களைச் சுற்றிக் கம்பிப் பற்கள், அவ்வளவுதான். பார்வைக்கு இவ்வளவு எளிமையாக இருப்பதாலேயே பலர் பேலருக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இதற்குக் காட்டுவதில்லை. இரண்டு சம்பா அறுவடை முடிவதற்குள் பற்கள் குட்டையாகி, பேரிங் கரகரத்து, சட்டத்தின் துளைகள் முட்டை வடிவத்துக்கு விரிந்து நிற்கும்போதுதான் வெல்டிங் பட்டறையில் கேட்கும் தொகை கண்ணைக் கட்டும்.

ரேக்கைத் தேய்ப்பது பெரும்பாலும் மண்தான். வைக்கோலால் வரும் தேய்மானம் மிகக் குறைவு. கீழே சொல்லியிருக்கும் படிகளில் பாதிக்கு மேல், பற்களுக்கும் மண்ணுக்கும் இடையிலான உறவைச் சரிசெய்வதைப் பற்றியவை. ட்ராக்டரின் மூன்று முனை இணைப்பில் மாட்டும் சக்கர ரேக்கை மனத்தில் வைத்தே எழுதுகிறேன், பி.டி.ஓ.வில் (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குத் தரும் ட்ராக்டரின் பின்தண்டில்) ஓடும் ரோட்டரி ரேக்கைப் பற்றிப் பின்னால் தனியே சொல்கிறேன்.

படி 1: ட்ராக்டரை முதலில் பாருங்கள்

பின் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். ஒரு டயரில் காற்று குறைந்தால் ட்ராக்டர் அந்தப் பக்கம் சாயும், ரேக்கின் சட்டமும் கூடவே சாயும், அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் மட்டும் மண்ணைக் கீறத் தொடங்கும். காற்றைச் சரிபார்த்த பிறகு சமதளமான களத்தில் வண்டியை நிறுத்தி, ரேக்கை இறக்கி, பின்னால் சில அடி தள்ளி நின்று சட்டம் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இடவலச் சாய்வை லிஃப்ட் கையின் திருகிலும், முன்பின் சாய்வை டாப் லிங்கிலும் (மேல் இணைப்புக் கம்பியிலும்) திருத்தலாம்.

படி 2: பற்களின் உயரமும் ஸ்பிரிங்கின் இழுப்பும்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. சக்கர ரேக்கைச் சுழற்றுவதற்குத் தனி இயக்கம் ஏதும் இல்லை. ட்ராக்டர் நகரும்போது பற்களின் நுனி தரையிலும் தாளிலும் வைக்கோலிலும் படுவதால்தான் சக்கரம் சுற்றுகிறது. அதனால் லேசான தொடுதல் கட்டாயம் வேண்டும், ஆனால் அது லேசாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் தொங்குகிறது. அந்தக் கையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்தான் சக்கரத்தின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் முழு எடையும் பற்களின் நுனியில் இறங்கும்.

ரேக்கை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். சிரமமில்லாமல் மேலே வந்து, விட்டவுடன் மெதுவாகக் கீழே இறங்கினால் இழுப்பு சரியாக உள்ளது. இரண்டு கைகளும் தேவைப்பட்டால் ஸ்பிரிங் சங்கிலியை ஒரு கண்ணி இறுக்கி மாட்டுங்கள். எல்லாச் சக்கரங்களும் ஒரே அளவு இலேசாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பிறகு வயலில் இருபது அடி ஓட்டி, இறங்கிப் பாருங்கள். நெல் தாள் நடுவே மண்ணில் நகக்கீறல் போன்ற கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் பற்கள் மிகத் தாழ்வாக இருக்கின்றன. ஒதுக்கிய வைக்கோலில் ஒரு கைப்பிடி எடுத்து உதறும்போது புழுதி பறந்தாலும் அதே காரணம்தான். அந்தப் புழுதி பேலருக்குள் போய் அதன் சங்கிலியையும் பேரிங்கையும் அரிக்கும், மாட்டுத் தீவனத்திலும் மண் சேரும். தரையில் ஒட்டிக் கிடக்கும் கடைசி நாலு தாளையும் வாரிவிட வேண்டும் என்ற ஆசையில் ரேக்கை மேலும் இறக்குபவர்கள் உண்டு. அந்த நாலு தாளின் விலை, தேய்ந்த ஒரு பல்லின் விலைக்கு ஈடாகாது.

படி 3: பற்களை எண்ணுங்கள்

என்னுடைய முதல் பருவத்தில் நான் இதைச் செய்யவில்லை. ஒரு மாலை வேலை முடிந்தபோது பல் ஒன்று குறைந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. சில வாரங்கள் கழித்து, வைக்கோல் வாங்கியவர் அழைத்து, உருளையைப் பிரித்து மாட்டுக்குப் போடும்போது ஒன்றரை சாண் கம்பி ஒன்று கையில் தட்டுப்பட்டதாகச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன், அடிப்பக்கச் சுருளுக்கு அருகில் முறிந்த பல், நுனி ஊசி போலத் தேய்ந்து பளபளத்தது. அவர் கையில் பட்டதால் மாடு தப்பியது. மாடு இரும்புத் துண்டை விழுங்கினால் அது இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கு முன்னால் உதரவிதானமும் அதையடுத்து இதயமும் இருப்பதால், குத்திக்கொண்டு முன்னேறும் கம்பி மாட்டின் உயிரையே எடுத்துவிடும். அன்றிலிருந்து வயலைவிட்டு வெளியேறுமுன் பற்களை எண்ணாமல் நான் கிளம்புவதில்லை. ஒரு பல் குறைந்தால் அந்த வயலின் வைக்கோலைக் கட்டுவதற்கு முன்பே தேடி எடுத்துவிட வேண்டும்.

எண்ணும்போதே ஒவ்வொரு பல்லையும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அடியில் உள்ள போல்ட் தளர்ந்திருந்தால் பல் ஆடும். ஆடும் பல் தன் துளையையும் விரிவாக்கும், சுருளிலும் வெடிப்பு விடும். புதிய ரேக்காக இருந்தால் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குவது கட்டாயம், ஏனெனில் பெயின்ட் நசுங்கி போல்ட் தானாகவே தளர்ந்துவிடும். பல்லை மாற்றும்போது நட்டையும் சேர்த்து மாற்றுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டு ஒருமுறை கழற்றினால் பழைய பிடியைத் தராது.

பக்கத்துப் பற்களைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி குட்டையான பல்லை விட்டுவைக்காதீர்கள். அது செய்யாத வேலையை இரு பக்கத்துப் பற்களும் சுமந்து, அவையும் முன்னதாகவே முறியும். கடையில் டைன் என்று கேட்டால் கிடைக்கும். வளைவும் கம்பியின் தடிமனும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று கையில் ஒரு மாதிரியை வைத்து ஒப்பிட்டே வாங்குங்கள்.

படி 4: ஹப்பும் கிரீஸும்

சக்கரத்தின் ஹப்பில் (நடுக்குடத்தில்) உள்ள பேரிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் கயிறுதான். முந்தைய பேலர் வேலையில் வயலில் விழுந்த நைலான் கயிற்றுத் துண்டு ஹப்பைச் சுற்றி இறுகி, புழுதியைத் தடுக்கும் சீலின் விளிம்பை அறுத்துவிடும். அதன் வழியே புழுதி உள்ளே போனால் பேரிங் நெடுநாள் தாங்காது. எனவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஹப்புகளைச் சுற்றியிருக்கும் கயிறும் வைக்கோலும் நீங்கும்படி கத்தியால் அறுத்து எடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கிரீஸ் அடிக்கும் இடைவெளி இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், அதற்குக் கையேட்டையே பின்பற்றுங்கள். கையேட்டில் வேறு வகை குறிப்பிடப்படாவிட்டால் என்.எல்.ஜி.ஐ. 2 என்ற கெட்டித்தன்மை எண் கொண்ட லித்தியம் கிரீஸ் பொருந்தும். கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளைத் துணியால் துடைத்த பிறகே கிரீஸ் கன்னை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிப்பிளின் மேலிருக்கும் மண்ணை நாமே உள்ளே அனுப்பியவர்கள் ஆவோம். சீலின் ஓரத்தில் கிரீஸ் மெல்ல எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் சீல் வெளியே தள்ளப்படும். ப்ரஷர் வாஷரின் நீரை நேரே ஹப்பின் மேல் பாய்ச்சுவதும் இதே தவறுதான்.

பேரிங்கின் நிலையை அறிய, ரேக்கைத் தூக்கி, அது இறங்கிவிடாதபடி அடியில் உறுதியான கட்டை கொடுத்தபின், சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினாலோ, சுற்றும்போது மணல் அரைபடும் ஒலி கேட்டாலோ, உடனே மாற்றிவிடுவதே சிக்கனம். பேரிங்கை மாற்றாமல் ஓட்டினால் அச்சு தேயும், அச்சு தேய்ந்தால் ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். சக்கரக் கைகளின் முனையில் உள்ள புஷ்ஷுக்கும் (உள்வளையத்துக்கும்) இதே கணக்குதான்: புஷ் மலிவான உருப்படி, அது தேய்ந்த பிறகும் ஓட்டினால் அதனுள் செல்லும் பின் எனும் முளையும் சட்டத்தின் துளையும் தேயும்.

படி 5: ஓட்டும் முறை

மணிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வேகம் நம் வயல்களுக்குப் போதும். வரப்பு ஓரத்தில் திரும்பும்போது ரேக்கைத் தூக்கிவிடுங்கள். இறக்கிய நிலையில் திரும்பினால் பற்கள் பக்கவாட்டில் வளையும். பின்னோக்கி ஓட்டினால் பற்கள் மண்ணில் குத்தி எதிர்ப்பக்கமாக மடங்கி முறியும். வாய்க்காலைக் கடக்கும்போதும் ரேக்கைத் தூக்கிவிடுங்கள். பனி காயாத காலையில் தொடங்காதீர்கள். ஈர வைக்கோல் கனமானது, ஹப்பில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளவும் செய்யும்.

ரோட்டரி ரேக் வைத்திருப்பவர்களுக்கு

இதில் சுழற்சி பி.டி.ஓ.விலிருந்து வருவதால் பற்கள் தரையைத் தொட வேண்டிய தேவையே இல்லை. நுனி தரைக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் மேலே, தாளுக்குள் நுழைந்தபடி ஓடினால் போதும். பி.டி.ஓ.வுக்கு நிமிடத்துக்கு 540 சுற்று என்பதை மேல் வரம்பாகக் கொள்ளுங்கள். வைக்கோல் சீராக ஒதுங்குகிற மிகக் குறைந்த சுற்றே நல்ல சுற்று. பி.டி.ஓ. ஷாஃப்டின் கிராஸ்களுக்கும் (சிலுவை வடிவ மூட்டுகளுக்கும்), ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய்களுக்கும் கிரீஸ் தவறக்கூடாது, பாதுகாப்பு உறை உடைந்த ஷாஃப்டை ஓட்டவே கூடாது. அதிகச் சுமையில் தானே அறுந்து கியரைக் காக்கும் ஷியர் போல்ட் அறுந்தால் அதே தரத்தில் உள்ளதையே போடுங்கள். கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டை மாட்டினால், அடுத்த அதிர்ச்சியில் போல்ட்டுக்குப் பதில் கியர் பாக்ஸின் பல் உடையும்.

படி 6: பருவம் முடிந்த பிறகு

வைக்கோலும் மண்ணும் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்ப்பதால், கழுவி உலர்த்திய பிறகு எல்லா நிப்பிள்களிலும் ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். ஸ்பிரிங்குகளைத் தளர்த்திவிட்டுக் கூரைக்கு அடியில், பற்களின் மேல் எடை இறங்காதபடி கட்டைகளின் மேல் நிறுத்துங்கள். வெல்டிங் மூலைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால் மயிரிழை போன்ற வெடிப்பும் தெரியும். அந்த நிலையிலேயே பட்டறைக்குக் கொண்டுபோனால் அரை மணி நேர வேலையில் முடியும். மாற்ற வேண்டிய பற்கள், பேரிங், புஷ் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரேக்கின் சட்டத்திலேயே கட்டிவிடுவது என் வழக்கம். மார்கழியில் உதிரிப் பாகம் வாங்கக் கிளம்பும்போது அந்தத் தாளை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனால் போதும்.